செவலையின் குடல் இறங்கிய திங்கட்கிழமை

வைகாசி மாதத்தில் அது மூன்றாவது திங்கட்கிழமை. காலை ஆறு இருபதுக்கு என் தம்பி மனைவி குதிரைக் கொட்டத்திலிருந்து வந்து, "செவலை தீனி எடுக்கல, அத்தான். பின்னாடி பாருங்க" என்றாள். நான் முகத்தில் சோப்பு நுரையோடு நின்றிருந்தேன். சரியம்மா என்றேன். அவள் ஒரு நிமிஷம் அங்கேயே நின்றுவிட்டுப் போனாள்.

நான் திருச்சுழியில் பத்திரம் எழுதுகிறவன். தேதியையும் நான்கு எல்லைகளையும் பிசகாமல் எழுதுவது என் பிழைப்பு. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் போகாது. மழை பெய்த நாள், கண்மாய்க்குத் தண்ணீர் வந்த நேரம், யார் வீட்டில் என்ன நடந்தது என்று சட்டைப் பையில் இருக்கும் சின்ன நோட்டில் குறித்து வைப்பேன். அன்றைக்கும் சவரம் முடித்ததும் எழுதினேன்: "6.20. செவலை தீனி எடுக்கவில்லை. பின்னாடி பார்க்கச் சொன்னாள்." பத்து மணிக்கு ஒரு கிரயப் பத்திரம் பதிவுக்கு இருந்தது. அதற்குள் பார்த்துக்கொள்ளலாம் என்று குளிக்கப் போனேன்.

செவலை என் தம்பியின் பந்தயக் குதிரை. காயடிக்காத ஆண். நான்கு வருஷத்துக்கு முன் குட்டியாக வாங்கி வந்தது. எங்கள் பக்கம் கோயில் பொங்கலுக்கு எல்கைப் பந்தயம் வைப்பார்கள். தார் ரோட்டில் குறித்த எல்லை வரை வண்டியோடு ஓடித் திரும்ப வேண்டும். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை வீரசோழன் ரோட்டில் நடந்த பந்தயத்தில் செவலை மூன்றாவதாக வந்தது. பரிசுக் குத்துவிளக்கை மனைவி கையில் கொடுத்துவிட்டு, தம்பி அன்று சாயங்காலமே லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போய்விட்டான். அவன் மாதத்தில் இருபது நாள் ரோட்டில் இருப்பவன். குதிரைக்குக் கொள்ளு ஊற வைப்பது, தண்ணீர் காட்டுவது, தேய்த்துவிடுவது, குளம்பில் கல் குத்தியிருக்கிறதா என்று தூக்கிப் பார்ப்பது எல்லாம் அவள்தான். பந்தயத்தில் ஓட்டியவன் பெயரைத்தான் மைக்கில் சொல்வார்கள். ஆனால் செவலை அவள் குரலுக்குத்தான் காதைத் திருப்பும்.

ஏழு மணிக்குக் கொட்டத்துக்குப் போனேன். செவலை முன்னங்காலால் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தது. தலையைத் திருப்பித் திருப்பி விலாவைப் பார்த்தது. மேலுதட்டைச் சுருட்டியது. குதிரையின் வயிற்றுவலியைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். பழைய அசுவ நூல்கள் அதைச் சூலை என்கின்றன. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, அதனால் வயிற்றுக்குள் எது தங்கினாலும் ஆபத்து என்று எனக்குத் தெரியும். தாடைக்கு அடியில் இரண்டு விரலை வைத்து நாடி எண்ணினேன். ஒரு நிமிஷத்துக்கு ஐம்பத்திரண்டு; நாற்பதைத் தாண்டக் கூடாது. ஈறைப் பார்த்தேன். விலாவில் காதை வைத்துக் கேட்டேன். நல்ல குதிரையின் வயிறு தூரத்தில் லாரி போவது மாதிரி எந்நேரமும் உருண்டுகொண்டிருக்கும். அன்று எதுவும் கேட்கவில்லை. இது எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். தலைப்பக்கம், வயிற்றுப்பக்கம் பார்த்தேன். பின்பக்கம் போகவில்லை. செவலை ஒருமுறை என் தொடையில் உதைத்திருக்கிறது. அதிலிருந்து நான் அந்தப் பக்கம் போவதே இல்லை.

ஏழே முக்காலுக்குத் தம்பிக்குப் போன் செய்தேன். துறைமுகத்தில் வரிசையில் நிற்பதாகச் சொன்னான். பந்தயம் முடிந்த சூட்டில் யாராவது பச்சைத்தண்ணி காட்டியிருப்பார்கள், வயிறு உப்பியிருக்கும், படுக்க விடாமல் நடத்துங்கள் என்றான். மாட்டுக்கு உப்புசம் வந்தால் இங்கே எல்லாரும் செய்வது அதுதான். ஆனால் மாட்டுக்கு ஊற்றுவது மாதிரி வாயில் எண்ணெய் மட்டும் ஊற்ற வேண்டாம் என்று நான் படித்ததைச் சொன்னேன். சரியென்றான்.

கண்மாய்க் கரைமேல் நடத்தினேன். பருத்திக் காட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பக்கத்துக்காட்டுக்காரர் நின்று பார்த்தார். என் வயசுக்காரர், ஒன்றாகப் படித்தவர். "ஏலே, மூணாவது வந்த கோவத்துல சோறு வேணாங்குதோ?" என்றார். அதற்குள் செவலை முன்னங்கால் மடிந்து, கரையிலேயே படுத்துப் புரண்டது. நான்கு காலும் வானத்தைப் பார்த்து உதைத்தன. அவரே ஓடி வந்து கயிற்றைப் பிடித்தார். பிறகு கேலி செய்யவில்லை. நாடி அறுபத்தெட்டு.

ஒன்பது இருபதுக்குக் கால்நடை டாக்டரைக் கூப்பிட்டேன். சின்ன வயசுப் பெண். பக்கத்து ஊரில் ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார். பாதியில் விட்டுவிட்டுப் பத்து முப்பத்தைந்துக்கு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். குதிரை பார்த்து அதிகப் பழக்கமில்லை, தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்ல மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நான் நோட்டைப் பிரித்து நாடிக் கணக்கை வாசிக்க ஆரம்பித்தேன். அவர் அதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே, காயடித்த குதிரையா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் வாலை ஒதுக்கிக் குனிந்தார். கையை வைத்துப் பார்த்தார்.

"இத யாரும் பாக்கலையா?"

நானும் குனிந்தேன். விரைப்பையின் இடது பக்கம் வலதைவிட இரண்டு மடங்கு இருந்தது. இறுக்கி இழுத்துக் கட்டிய மூட்டை மாதிரித் தோல் மினுமினுத்தது. எப்போதிருந்து என்று டாக்டர் கேட்டார். இப்போதுதான் பார்க்கிறேன் என்றேன்.

கொட்டத்துக் கதவோரம் தம்பி மனைவி நின்றிருந்தாள். என்னைப் பார்க்காமல், டாக்டரிடம் சொன்னாள்:

"காலையில தண்ணி காட்டப் போகையிலயே பாத்தேம்மா. எடப்பக்கம் தேங்கா கணக்கா இருந்துச்சு. தொட்டா சில்லுனு இருந்துச்சு. இவுககிட்டச் சொன்னேன்."

"என்னன்னு சொன்னீங்க?"

"பின்னாடி பாருங்கன்னு சொன்னேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நோட்டு என் கையில்தான் விரிந்திருந்தது. அவள் சொன்ன 'பின்னாடி' ஓர் எழுத்துக்கூட மாறாமல் அதில் இருந்தது. அவள் இடத்தைச் சொல்லியிருக்கிறாள். நான் நேரம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. நான் அவள் புருஷனுக்கு மூத்தவன். எங்கள் பக்கத்தில் மூத்தார் முன்னால் தம்பி மனைவி உட்கார மாட்டாள். நேராக முகம் பார்த்துப் பேச மாட்டாள். நான் இருக்கும் இடத்தில் அவள் பேச்சு எப்போதும் பாதியில்தான் நிற்கும், மீதியை நான் புரிந்துகொள்ள வேண்டும். உடம்பில் உள்ள சில இடங்களுக்கு என் முன்னால் அவளிடம் வார்த்தையே கிடையாது. அது மிருகத்தின் உடம்பாக இருந்தாலும் அப்படித்தான். அவளுக்குத் தெரிந்த வழியில் அவள் சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் நின்றாள். நான் உடனே போய்ப் பார்ப்பேன் என்று நினைத்துத்தான் நின்றிருக்கிறாள். இதே மாதிரி பாதிப் பேச்சை நான் பதினெட்டு வருஷமாகச் சரியாகவே புரிந்துகொண்டு வந்திருக்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

டாக்டர் நீளமான உறையைத் தோள்வரை மாட்டிக்கொண்டு ஆசனவாய் வழியாகக் கையை விட்டுப் பார்த்தார். பக்கத்துக்காட்டுக்காரரும் நானும் தலையைப் பிடித்தோம். கையை எடுத்ததும் என்ன நடந்திருக்கிறது என்பதை எங்களுக்குப் புரியும்படி சொன்னார். ஆண் குதிரைக்கு விரை இறங்கிவரும் வழியில் அடிவயிற்றில் ஒரு துவாரம் உண்டு. ஓடிய அழுத்தத்தில் சிறுகுடலில் ஒரு மடிப்பு அந்தத் துவாரத்துக்குள் நுழைந்து பைக்குள் இறங்கிவிட்டது. துவாரத்தின் விளிம்பு அதைச் சுருக்குப் போட்ட மாதிரி இறுக்குகிறது. உள்ளே ரத்தம் போகவில்லை.

ஓதம், குடலிறக்கம்தானே என்று பக்கத்துக்காட்டுக்காரர் கேட்டார். அவருக்கே போன வருஷம் அருப்புக்கோட்டையில் அந்த ஆபரேஷன் நடந்தது.

"அதேதான். ஆனா மனுசனுக்கு அது வருசக்கணக்கு. குதிரைக்கு மணிக்கணக்கு" என்றார் டாக்டர்.

மூக்கு வழியாகக் குழாய் விட்டார். பச்சை நிறத்தில் தண்ணீர் ஒரு வாளிக்கு மேல் வந்தது. கீழே போக வழியில்லாமல் மேலே ஏறி நின்ற நீர் அது. மருந்தால் ஆகாது, திறந்து குடலை உள்ளே இழுத்துத் துவாரத்தைத் தைக்க வேண்டும், அதற்குக் குதிரையை மயக்கிப் படுக்கவைக்கும் வசதி இந்த ஜில்லாவில் இல்லை என்றார். தெற்கே மூன்று மணி நேரத் தூரத்தில் கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. போனில் பேசினார். கொண்டுவரச் சொன்னார்கள். வலிக்கு ஊசி போட்டார். புறப்படும் முன் என்னைத் தனியே கூப்பிட்டு, வழியில் வலி தானாக அடங்கினால் சந்தோஷப்பட வேண்டாம், குடல் செத்துப்போனாலும் வலி நின்றுவிடும் என்றார்.

லோடு வண்டி வர பன்னிரண்டு ஐந்து ஆனது. ஏற்றுவதற்குப் பலகை கிடைக்காமல் கொட்டத்துக் கதவையே கழற்றிச் சாய்த்தோம். செவலை ஏற மறுத்தது. தம்பி மனைவி வண்டிக்குள் முன்னால் ஏறி நின்று கூப்பிட்டாள். அந்த நிலையிலும் காதைத் திருப்பி, கால் நடுங்க ஏறி வந்தது. அவள் கூட வருவதாகத்தான் இருந்தது. நான்கைந்து ஆண்கள் நிற்கும் வண்டியில் எப்படி வருவாய், வீட்டில் இரு என்று சொன்னவனும் நான்தான். அவள் இறங்கிக்கொண்டாள். பன்னிரண்டு முப்பதுக்குப் புறப்பட்டோம்.

பந்தல்குடி தாண்டும்வரை செவலை பலகையை உதைத்துக்கொண்டே வந்தது. நான் போனில் சொன்னதும் தம்பி லாரியைக் கிளீனரிடம் விட்டுவிட்டு பஸ் ஏறி வந்து எட்டயபுரத்தில் எங்களோடு சேர்ந்துகொண்டான். அவன் வண்டியில் ஏறிக் கழுத்தில் கை வைத்தான். இரண்டு பதினைந்து இருக்கும், செவலை அமைதியானது. உதைக்கவில்லை, விலாவைப் பார்க்கவில்லை. தலையைத் தொங்கப் போட்டு நின்றது. தம்பியின் முகம் தெளிந்துவிட்டது.

"அடங்கிருச்சுண்ணே. அவன் என் வாசம் பாத்துட்டான்ல, இனிப் பொழச்சுக்கிருவான்."

வண்டியை நிறுத்தி டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்தான். எனக்கும் ஒன்று நீட்டினான். இவ்வளவு தூரம் போக வேண்டுமா, திரும்பிவிடலாமா என்றுகூட டிரைவர் கேட்டார். ஊசி போட்டதால் இருக்கும், போவோம் என்று மட்டும் சொன்னேன். டாக்டர் சொன்னதை அவனிடம் சொல்லவில்லை. தாடையில் விரலை வைத்தேன். தொண்ணூறுக்கு மேல். காது நுனி குளிர்ந்திருந்தது.

மூன்று ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்த அறுவை டாக்டர் நடுத்தர வயசுக்காரர், அதிகம் பேசாதவர். வாசலிலேயே ஒரு தாளை வைத்துக் கேட்டு எழுதிக்கொண்டார். வயது, கடைசியாகத் தீனி தின்ற நேரம், கடைசியாகச் சாணி போட்ட நேரம். வீக்கம் முதலில் எப்போது கண்ணில் பட்டது?

தம்பி பக்கத்தில் நின்றான். பத்து முப்பத்தைந்து என்று சொல்லியிருக்கலாம். நான் கண்ணால் பார்த்தது அப்போதுதான். அது பொய்யும் ஆகாது. ஆனால் கத்தியை எடுக்கப் போகிறவருக்கு அந்த மணி தேவை என்று தெரியும்.

"ஆறு இருபது" என்றேன். "காலையில."

தம்பி என் பக்கம் திரும்பினான். "எனக்கு ஏழே முக்காலுக்குத்தாண்ணே போன் அடிச்சீக. வீக்கத்தப் பத்தி ஒண்ணுமே சொல்லலயே."

அவன் மனைவி சொன்னாள், நான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்றேன். எப்படி என்று கேட்டான். சொன்னேன். அவன் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அவளுக்கு வாயில்லையா" என்றான். நான் சொன்னதை அவன் அவள் மேல்தான் போட்டான். மூத்தவன் மேல் குற்றம் சொல்ல அவனுக்கும் வார்த்தை கிடையாது.

நான்கு நாற்பதுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். சுவரில் இருந்த கண்ணாடி வழியாகப் பார்க்க விட்டார்கள். மயக்கம் கொடுத்ததும் செவலை சுவரோரம் சரிந்தது. நான்கு காலையும் சேர்த்துக் கட்டிச் சங்கிலியில் தூக்கினார்கள். எல்லையைத் தொட்டுத் திரும்பிய கால்கள் மேலே, தலை கீழே தொங்க, மெத்தை போட்ட மேசையில் மல்லாக்க இறக்கினார்கள். தொடை இடுக்கில் மயிரைச் சிரைத்துக் கழுவினார்கள். இடதுபக்கம் ஒன்று, வயிற்றின் நடுவில் ஒன்று என இரண்டு இடத்தில் திறந்தார்கள். ஒருவர் வயிற்றுக்குள்ளிருந்து இழுக்க, டாக்டர் பையின் பக்கமிருந்து துவாரத்தைக் கொஞ்சம் அறுத்து வழிவிட்டார். வெளியே வந்தது நாவல்பழ நிறத்தில் இருந்தது. நல்ல குடல் வெளிறிய ரோஜா நிறம். ஒன்று முடிந்து மற்றது தொடங்கும் இடத்தில் கோடு போட்ட மாதிரித் தெரிந்தது.

டாக்டர் கையுறையோடு கதவுவரை வந்தார். கறுத்தது ஐந்து முழம் இருக்கும், வெட்டி எடுத்து இரண்டு முனையையும் சேர்த்துத் தைக்கலாம், அந்தப் பக்க விரையையும் எடுக்க வேண்டும், ஆனால் அதற்குள் விஷம் உடம்பில் ஏறிவிட்டது, நம்பிக்கை கொடுக்க மாட்டேன் என்றார். வேண்டாமென்றால் மயக்கத்திலேயே முடித்துவிடலாம். தம்பி, "வெட்டுங்கய்யா" என்றான். ஏழு மணிக்கு முன் தைத்து முடித்தார்கள். செவலை மூன்றாவது முயற்சியில் எழுந்து நின்றது.

மறுநாள் காலையில் தம்பி குளிக்கப் போயிருந்தபோது அறுவை டாக்டரிடம் கேட்டேன். ஆறு இருபதுக்கே கிளம்பியிருந்தால்?

அவர் விரலில் மணிக்கணக்குப் போட்டார். "பத்து மணிக்குள்ள வந்திருப்பீங்க. குடல் செவந்திருக்கும், கறுத்திருக்காது. உள்ள தள்ளித் தச்சிருந்தாலே போதும். பெரும்பாலும் பொழச்சு வீட்டுக்குப் போயிருக்கும்."

கேட்டதற்குப் பதில் கிடைத்தது. நன்றி என்றேன்.

செவ்வாயும் புதனும் மூக்குக் குழாய் வழியாகத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. தைத்த குடல் அசைய மறுத்தது. மணிக்கொரு தடவை விலாவில் காதை வைத்துக் கேட்டேன். லாரிச் சத்தம் வரவே இல்லை. புதன் மத்தியானம் தம்பி ஒரு பிடி அறுகம்புல்லைக் கொண்டுவந்து வாயருகில் காட்டினான். செவலை உதட்டால் தொட்டது, எடுக்கவில்லை. அவன் அந்தப் புல்லைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வியாழக்கிழமை காலையில் எழ முடியாமல் படுத்துவிட்டது. நாடி விரலுக்கு அகப்படவில்லை. டாக்டர் இனி வேதனைப்படுத்த வேண்டாம் என்றார். தம்பி தலையை ஆட்டினான். பதினொன்று ஐந்துக்கு ஊசியில் முடிந்தது. புதைப்பதற்கு அங்கேயே இடம் இருந்தது. கழுத்துக் கயிற்றை மட்டும் கொடுத்தார்கள்.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். அருப்புக்கோட்டையில் மாறும்போது பசிக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றேன். நாலரைக்கு வீட்டுக்கு வந்தோம். அவன் யாரையும் பார்க்காமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

தம்பி மனைவி கொட்டத்தில் நின்றிருந்தாள். கழற்றிய கதவை யாரையோ கூப்பிட்டுத் திரும்ப மாட்டியிருந்தாள். நான் வாசலோடு போய்விடப் பார்த்தேன். அவள் முன்னால் வந்து நின்றாள். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"எத்தன மணிக்கு, அத்தான்?"

"பதினொண்ணு அஞ்சு."

"நான் பாத்தப்பவே கொண்டு போயிருந்தா?"

இது வரும் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் வரும்போதே பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். "அப்பவும் பொழச்சிருக்காதும்மா. ராத்திரியே எறங்கியிருக்கும்னு சொன்னாக. நீ பாக்கும்போதே எல்லாம் முடிஞ்சுபோச்சாம்."

அவள் கண்ணை எடுக்கவில்லை.

"நேத்து டாக்டரம்மாகிட்ட போன்ல கேட்டேன்" என்றாள். "அவுக பொய் சொல்லல."

பிறகு கொட்டத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே கூட்டும் சத்தம் கேட்டது.